குறை சொல்லுங்க டீச்சர்

சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு 'எப்படி இருக்கிறது' என்று அந்த அக்கா யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. "என்ன கொறைங்க?" என்றுதான் கேட்பார். கேட்டுவிட்டு, வாயில் போட்டதை நாம் மென்று முடிக்கும்வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரிலேயே நிற்பார். அப்படி ஒருவர் நின்றால் யாருக்கும் சாப்பாடு இறங்காது. எனக்கும் முதல் நாள் இறங்கவில்லை.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. நான் சேலத்துக்காரி, அம்மாபேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்தவள். தினமும் பஸ்ஸில் வந்து போக முடியாது என்று, தோட்டத்துக்குள் இருந்த அந்த அக்கா வீட்டின் பின்பக்க அறைகள் இரண்டை வாடகைக்குப் பிடித்தேன். முன்பக்கம் அக்காவும், ஆறாம் வகுப்பு படிக்கும் மகளும், மாமனாரும். அக்காவின் கணவர் போர்வெல் லாரியில் வேலை. வடக்கே போனால் திரும்பி வர மூன்று நான்கு மாதம் ஆகும். வீட்டைத் தாண்டி, குச்சிக்கிழங்கு என்று அங்கே சொல்லும் மரவள்ளிக் காடு, அதற்கும் அப்பால் இரண்டு கோழிப் பண்ணைக் கொட்டகைகள்.

குடிவந்த மறுநாள் காலையில் அக்கா ஒரு தட்டோடு வந்தார். தட்டில் மக்காச்சோள அவல். பாலில் போட்டுச் சாப்பிடுகிற பெட்டி அவல்தான். அதைக் கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம் தாளித்து உப்புமா மாதிரி கிண்டியிருந்தார். பாதி நமுத்தும் பாதி முறுமுறுவென்றும் இருந்தது. கடுகு வேறு கருகியிருந்தது.

"என்ன கொறைங்க?"

"ரொம்ப நல்லாருக்குங்க" என்றேன். எங்கள் வீட்டில் அப்பா கற்றுக்கொடுத்தது அது. யார் என்ன வைத்தாலும் தட்டைப் பார்த்துப் பேசக் கூடாது.

அக்கா தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "டீச்சர், புள்ளைங்க கணக்கத் தப்பாப் போட்டாலும் நீங்க சரின்னு போட்டுருவீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். கோபமெல்லாம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டவர் மாதிரிதான் கேட்டார். அன்று பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க அந்தக் கேள்வி என்னோடு இருந்தது.

அதற்குப் பிறகும் ஒரு மாதம் நான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஓட்ஸில் பணியாரம் சுட்டுக்கொண்டு வந்தார். தாங்க முடியாமல், "உள்ளே வேகலைங்க, பல்லுல ஒட்டுது" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "அதானே! எனக்கும் அப்பிடித்தான் பட்டுது. புழுங்கரிசி கொஞ்சம் சேத்தரைச்சாச் செரியாப் போயிரும்" என்றபடி ஓடினார். ஒரு மணி நேரத்தில் அடுத்த ஈடு வந்தது. அது நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னதை அவர் நம்பியது அன்றுதான் முதல் முறை.

அந்த வீட்டு அலமாரியில் தானியப் பெட்டிகள் வரிசையாக நிற்கும். எல்லாம் அவர் கணவர் கொண்டுவந்தவை. லாரி எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊரில் காலையில் என்ன சாப்பிடுகிறார்களோ அதில் ஒரு பொட்டலம். கோதுமை ரவையில் நாலு தினுசு, தட்டை அவல், மெல்லிசு அவல், உலர்ந்த பழம் கலந்த ஓட்ஸ், பேரே தெரியாத ஏதோ ஒரு பொரி. "மத்த ஊட்டுக்காரருங்க பொண்டாட்டிக்குச் சீலை எடுத்துட்டு வாராங்க. எங்க ஊட்டுக்காரருகிட்ட நான் சொல்லி வெச்சிட்டனுங்க, எனக்குச் சீலை வேண்டாம், அந்தூருச் சனம் வெள்ளன எந்திரிச்சு என்ன திங்குதோ அதக் கொண்டாங்கன்னு" என்பார். பெட்டியின் மேல் போட்டிருக்கும் செய்முறையை மகள் படித்துச் சொல்வாள். அக்கா ஒரு தடவை அப்படியே செய்வார். மறு தடவை அப்படிச் செய்யவே மாட்டார்.

அந்த வீட்டில் அவர் பெரிதாக மதித்த நாக்கு மாமனாருடையது. எழுபதைத் தாண்டியவர், வாட்டசாட்டமான ஆள். கொட்டகைக்குத் தீவனம் வந்து இறங்குவதிலிருந்து முட்டை வண்டி கிளம்புவதுவரை எல்லாம் அவர் பார்வையில்தான். காலையில் கட்டிலில் உட்கார்ந்தால் தட்டு வரும். ஒரு வாய் வைப்பார். மென்றபடி கூரையைப் பார்ப்பார். தீர்ப்பு ஒரு வார்த்தையில் வரும்.

"கொழகொழங்குது."

"தவிட்டு வாசம்."

"உப்பு கல்லுக் கல்லா நிக்குது."

ஓட்ஸ் கஞ்சியை முதல் நாள் வைத்தபோது மட்டும் கொஞ்சம் நீளமாகப் பேசினார். "ஏஞ்சாமி, இது நமக்கா, இல்ல கோழிக் கொட்டாயிக்குப் போறது தெரியாம இங்க வந்துருச்சா?"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய மூத்த நாத்தனார் ஒருவர் அப்போது விருந்துக்கு வந்திருந்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மத்தியானம் என் அறைக்கு வந்து, "எங்கப்பன் இந்தப் புள்ளையத் தெனமும் இப்பிடித்தான் நொட்டை சொல்றாரா டீச்சர்? பாவமுங்க அது" என்று வருத்தப்பட்டார். அது கதவுக்கு வெளியே நின்ற அக்காவின் காதில் விழுந்துவிட்டது. உள்ளே வந்து சொன்னார்: "அண்ணி, இந்த ஊட்டுல நான் ஆக்கறத நெனப்பாத் திங்கறது எங்க மாமா ஒருத்தருதான். மத்தவங்கெல்லாம் செல்போனப் பாத்துட்டே முழுங்கறாங்க. மாமாவ ஒண்ணுஞ் சொல்லிப்போடாதீங்க."

பெட்டிகளைப் பார்த்துப் பார்த்து, நம் சோளத்திலேயே அவல் செய்தால் என்ன என்று அக்காவுக்கு ஓர் ஆசை வந்தது. ஊறவைத்து, அரை வேக்காடு வேகவைத்து, ஒவ்வொரு பிடியாகத் துணியில் பரப்பிக் குழவியால் நசுக்கி, மொட்டை மாடியில் காயவைத்தார். முதல் தடவை வந்தது ஓட்டுச் சில்லு. கோழிகளுக்கு வீசினோம். அவை கொத்திப் பார்த்துவிட்டு நகர்ந்துபோயின. "கோழியுங்கூடக் கொறை சொல்லிருச்சுங்க டீச்சர்!" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். இரண்டாவது தடவை பூஞ்சணம் பிடித்தது. மூன்றாவது உள்ளே மாவாகவே நின்றது. நாலாவது தடவை வெயிலில் காயவைக்காமல் நிழலில் உலர்த்தி, சூடான மணலில் போட்டுப் புரட்டியபோது, மல்லிகை மொட்டு மாதிரி லேசாக உப்பி வந்தது. அதில் மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் அரிந்து போட்டுக் கொடுத்தார். மாமனார் ஒரு வாய் வைத்துக் கூரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தட்டை நீட்டி, "இன்னங் கொஞ்சம் போடு" என்றார். அந்த வீட்டில் அதற்குமேல் பாராட்டு கிடையாது.

நான் குடிவந்த இரண்டாம் வருடம் அந்தப் பெரியவரின் கன்னத்துக்கு உள்ளே ஒரு புண் வந்தது. ஐம்பது வருடமாகப் புகையிலை அடக்கிய இடம். ஆறாத புண் என்று தெரிந்ததும் சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அறுவை சிகிச்சை முடிந்து, ஆறு வாரம் கரண்டு வைத்தார்கள். கதிர்வீச்சுக்கு ஊரில் அதுதான் பெயர். நோயை அது அடக்கிவிட்டது. ஆனால் வாயில் எச்சில் வற்றிப்போனது, ருசி போனது. ருசி திரும்பி வர மாதக்கணக்கில் ஆகலாம், முழுதாக வராமலும் போகலாம் என்றார் டாக்டர். எப்படியாவது சாப்பிட வையுங்கள், எடை இன்னும் குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்றும் சொல்லி அனுப்பினார்.

பெரியவர் அந்தக் குழாய்க்குத்தான் பயந்தார். "கொழாயப் போட்டுக் கஞ்சி ஊத்தறதுன்னா என்னைய உட்டுருங்க சாமி" என்றார். வாட்டசாட்டமாக இருந்த ஆள் சட்டைக்குள் ஒடுங்கிப்போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் கொட்டகையில் தீவன மூட்டை நிறுக்கிற தராசில் அவரை ஏற்றி நிறுத்திப் பார்ப்பார்கள். ஒவ்வொரு வாரமும் முள் பின்னால் போனது.

அப்படி ஒரு நாள் காலையில் அக்கா என் அறைக்கு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது.

"மாமா இன்னிக்குக் கஞ்சி நல்லாருக்குன்னாருங்க டீச்சர்."

"நல்ல விஷயம்தானேங்க அக்கா?"

"ஒரு வாரமா எல்லாமே நல்லாருக்குங்கறாரு."

அப்போதும் எனக்குப் புரியவில்லை. மறுநாள் அவர் உப்போ சர்க்கரையோ எதுவும் போடாமல் வெறும் கேழ்வரகுக் கூழைக் கலக்கி எடுத்துப்போனார். நானும் கூடப் போனேன். பெரியவர் இரண்டு வாய் எடுத்தார். விழுங்க முடியாமல் விழுங்கினார். கூரையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி, "நல்லாருக்குது சாமி" என்றார்.

"மாமா, அதுல உப்பே போடலீங்க."

பெரியவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஏனுங்க மாமா பொய் சொல்றீங்க?"

"நீ வெடியறதுக்கு முன்ன எந்திரிச்சு இத்தன பாடுபடற. எனக்கு மண்ணும் ஒண்ணுதான், சோறும் ஒண்ணுதான். நான் என்னத்தச் சொல்லட்டும் அம்மிணி?"

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அக்கா அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "நாக்கு சொல்லலீன்னாத் தொண்டை சொல்லுமுங்க. பல்லு சொல்லும். ஒட்டுதா, குத்துதா, எறங்குதா, நடுவுல நிக்குதா, சூடு சுடுதா, அதச் சொல்லுங்க. நீங்க நல்லாருக்குன்னு சொல்லிப்போட்டா நான் அப்பறம் என்னத்த மாத்தறது? எனக்குக் கை கட்டிப்போட்ட மாதிரி ஆயிருதுங்க மாமா."

பெரியவர் கிண்ணத்தை எடுத்து இன்னொரு வாய் விழுங்கிப் பார்த்தார். "அண்ணத்துல ஒட்டுது. தண்ணி குடிச்சாலும் போவ மாட்டேங்குது. சூடு ஒத்துக்கறதே இல்ல."

அக்கா எழுந்து நேராகச் சமையல்கட்டுக்குப் போனார்.

அன்றிலிருந்து நான் பார்த்ததை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுக்காது. மாமனாரின் வாய் எப்படி இருக்கிறது என்று தெரியாமல் எப்படிச் சமைப்பது என்று அவர் தன் வாயையே அப்படி ஆக்கிப் பார்த்தார். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து, நாக்கையும் அண்ணத்தையும் துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்துவிட்டு, ஒவ்வொரு கஞ்சியாக வாயில் வைத்து விழுங்கிப் பார்ப்பார். சில தடவை புரையேறி இருமுவார். நானும் மகளும் பயந்துபோய்ப் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்போடு நிற்போம். கோதுமை ரவை குத்தியது. கேழ்வரகு அண்ணத்தில் அப்பியது. அவர் பெருமையாகச் செய்த சோள அவல், எவ்வளவு ஊறினாலும் தொண்டையில் தோலாக நின்றது. அதை அவரே ஒதுக்கி வைத்தார்.

கடைசியில் ஓட்ஸுக்கு வந்தார். அதைக் கொதிக்க வைத்து, அரைத்து, துணியில் வடிகட்டி, நன்றாக ஆறவிட்டு, லேசாகக் குளிர்ந்த பிறகு எடுத்துப்போனார். கொண்டுபோகும்போது கொஞ்சம் கூச்சப்பட்டார். கோழிக் கொட்டாய்ப் பேச்சை யாரும் மறந்திருக்கவில்லை. பெரியவர் ஒரு வாய் எடுத்தார். இன்னொரு வாய் எடுத்தார்.

"வழுக்கிட்டுப் போவுது" என்றார். "தானாப் போவுது சாமி."

பிறகு கொட்டகை முட்டையும் பாலும் அடித்து ஆவியில் வேகவைத்த ஒன்று, பாலாடை மாதிரி. "தித்திக்குதான்னு தெரியில, ஆனா குளுகுளுன்னு இருக்குது." பிறகு இளநீர் வழுக்கையை அரைத்து அதில் அவல் மாவு. "இது வேண்டாம், நூலு நூலா நிக்குது." அக்கா அதை உடனே நிறுத்தினார். பெரியவருக்குப் பேச்சு திரும்பிவிட்டது. ருசி தெரியாத அந்த மனிதர் தொட்டும் விழுங்கியும் கண்டுபிடித்த குறைகளைப் போல நாக்கு நன்றாக இருந்த காலத்தில்கூட அவர் சொன்னதில்லை. தராசு முள் ஒரு வாரம் நகராமல் நின்றது. அடுத்த வாரமும் நின்றது. அதற்கடுத்த வாரம் முன்னால் வந்தது. எவ்வளவு என்று கேட்டால், பத்து முட்டை கனம்கூட இருக்காது. ஆனாலும் அன்று மகள் கொட்டகையிலிருந்து வீடுவரைக்கும் கத்திக்கொண்டே ஓடிவந்தாள்.

நாலு மாதம் போயிருக்கும். பள்ளிக்குக் கிளம்பிச் சேலைக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருந்தேன். முன்பக்கத்திலிருந்து பெரியவரின் குரல் கேட்டது. பழைய குரல்.

"ஏஞ்சாமி! இதுல என்னத்தப் போட்டுத் தொலைச்ச? கசக்குது!"

கஞ்சி வழுவழுவென்று இருக்க அக்கா வாரக்கணக்கில் வெந்தயம் ஊறவைத்து அரைத்துச் சேர்த்துவந்தார். வரவர அளவு கூடிக்கொண்டே போயிருந்தது. அதுவரை பெரியவருக்கு அந்தக் கசப்பு தெரிந்ததே இல்லை.

அக்கா கரண்டியோடு என் அறைக்கு ஓடிவந்தார். கஞ்சி தரையெல்லாம் சொட்டியது. "டீச்சர்! மாமாவுக்குக் கசக்குதாமுங்க! கசக்குதாமுங்க!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. பிறகு கணவருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் போர்வெல் போடும் இரைச்சல். அவருக்கு எதுவும் கேட்கவில்லை. அக்கா தோட்டத்துக்கு நடுவில் நின்று, அக்கம்பக்கத்துக் காடெல்லாம் திரும்பிப் பார்க்க, "கசக்குதுங்கறாரு! உங்கப்பாவுக்குக் கஞ்சி கசக்குதுங்க!" என்று கத்தினார். கிழங்குக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள், ஏதோ ஆகிவிட்டது என்று பதறி எழுந்து நின்றார்கள்.

கசப்புக்குப் பிறகு புளிப்பு வந்தது, உப்பு வந்தது. இனிப்பு கடைசியாக வந்தது. காரம் மட்டும் இன்றுவரை ஆகாது. உப்பு தெரிந்த வாரத்திலேயே, "இனிமேல் இந்த ஓட்ஸ எங் கண்ணுல காட்டாத" என்று அவர் சொல்லிவிட்டதாக அக்கா மகிழ்ச்சியோடு ஊரெல்லாம் சொன்னார்.

மறுபரிசோதனைக்குப் போனபோது, ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் பெண் எடையைப் பார்த்துவிட்டு, என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். சொன்னதைக் கேட்டு, எழுதித் தர முடியுமா என்றும் கேட்டிருக்கிறார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர் அக்கா. "என் எழுத்து எனக்கே புரியாதுங்க, நீங்க எழுதுங்க" என்று என்னை உட்கார வைத்தார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஆகிவந்த ஐந்தாறு கஞ்சிகளை மட்டும் வரிசையாக எழுதலாம் என்றேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "ஆகாமப் போனத மொதல்ல எழுதுங்க. இல்லீன்னா அவங்களும் அதையே செஞ்சு பாத்து அழுவாங்க" என்றார். அதனால் தாளின் மேல்பாதி முழுக்கத் தோற்றுப்போனவைதான். ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஏன் ஆகவில்லை என்று ஒரு வரி. கீழே ஒரு கால் பக்கத்தை வெறுமையாக விடச் சொன்னார். "என்னத்துக்குங்க அக்கா?" என்றேன். "படிக்கறவங்க எழுதறதுக்கு. எங்க மாமா வாயிக்கு ஆனது இன்னொருத்தரு வாயிக்கு ஆவோணுமே." பேர் போடச் சம்மதிக்கவில்லை. 'எருமப்பட்டிப் பக்கமிருந்து ஒரு மருமகள்' என்று போட்டால் போதும் என்றார். அப்படியே போட்டேன்.

அடுத்த வருடம் எனக்கு ஊருக்கே மாற்றல் கிடைத்தது. போனில் பேசிக்கொள்வோம். நேரில் போவது குறைந்துவிட்டது.

போன மாதம், எங்கள் தெருவில் ஒருவருக்குத் துணையாக அந்த ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கரண்டு வைக்கும் பகுதிக்கு வெளியே, நோயாளிகளின் ஆட்கள் உட்காரும் இடத்தில், சுவரில் அந்தத் தாள் இருந்தது. என் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? கண்ணாடிக் காகிதம் போட்டு ஒட்டியிருந்தார்கள். கீழே விட்ட இடத்தில் மட்டும் கண்ணாடிக் காகிதம் இல்லை. அந்த இடமும் போதாமல் பக்கத்தில் இன்னும் இரண்டு தாள்கள் ஒட்டியிருந்தன. நீல மை, கறுப்பு மை, பென்சில், ஒரு குழந்தையின் கோணல் எழுத்து. 'ஓட்ஸ் எங்க அப்பாவுக்கு வாந்தி வந்தது. பார்லி ஒத்துக்கொண்டது.' 'முட்டையில் பால் குறைவாக ஊற்றவும்.' 'வெந்தயம் வேண்டாம், வெண்டைக்காய் ஊறிய தண்ணீர் போடலாம்.' அடியில் ஊர்ப் பேர்கள் மட்டும். பனமரத்துப்பட்டி, ஆத்தூர், ராசிபுரம், பேரைப் படிக்க முடியாத இன்னும் சில.

பக்கத்தில் நடுத்தர வயதுப் பெண் ஒருவர் அதைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். படம் கலங்கிக் கலங்கி வந்தது. நான் வாங்கி எடுத்துக் கொடுத்தேன்.

"எங்க வீட்டுக்காரருக்கு மூணு வாரமா ஒண்ணும் இறங்கலை" என்றார். "பேரு போடலையே. யாரு எவருன்னே தெரியலை. புண்ணியவதி."

"எழுதினது நான்தாங்க" என்றேன். "ஆக்கினது எங்க அக்கா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கூடப் பொறந்தவங்களா?"

நான் வீட்டுக்கு ஒரே பெண்.

"ஆமாங்க" என்றேன்.